அளவுக் கோளாறு

அனிமேட்டருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. படத்தைக் கை, கால், தலை என்று வெட்டி, கணினியில் எலும்பு என்கிற கோடுகளைப் பூட்டி ஆடவைப்பது அவர் தொழில். பழைய புராஜெக்ட்டைப் புது சாஃப்ட்வேரில் ஏற்றி, புதிதாக எடுத்த போட்டோக்களை மாட்டியதும், குட்டி என்கிற கதாபாத்திரத்தின் கை கால்கள் எலும்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.

ஒற்றை நாற்காலி போட்ட அறையிலிருந்து உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

"இம்போர்ட் பண்றப்ப அளவு மாறியிருக்கும் சார். எல்லாமே பெரிசா தெரியுதா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"இல்லம்மா. பின்னாடி இருக்குற கதவு பழைய அளவுக்குக் கச்சிதமா பொருந்துது. குட்டி மட்டும்தான் பெரிசு."

"ரெண்டும் ஒரே போட்டோவா?"

"ஆமா."

"அப்போ சாஃப்ட்வேர்ல கோளாறு இல்ல சார். போட்டோ எடுத்தவங்களைக் கேளுங்க."

கேட்கத்தான் அவருக்குத் தயக்கம். வேறு வழியில்லாமல் போட்டோ எடுத்து அனுப்பியவளின் எண்ணை அழைத்தார்.

"போன தடவை எடுத்த அதே கதவுகிட்டதான நிக்கவெச்சு எடுத்தே?"

"அதேதான். ஏன்?" என்றாள் அவள்.

"குட்டி எலும்புக்குள்ள அடங்க மாட்டேங்குறா. அளவு எங்கயோ தப்பு."

அவள் திருப்பிக் கேட்டாள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி போட்டோவை முழுசா ஒரு தடவை பார்த்தீங்களா?"

"ஏன் கேக்குற?"

"நீங்க வீட்டை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு. உங்க பொண்ணு வளர்ந்துட்டா."

படத்தைச் சுருக்கப் போன கையை அவர் எடுத்துக்கொண்டார். எலும்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நீட்ட ஆரம்பித்தார்.