மூன்று என்று எழுதிய பலகை

மூன்று பெட்டி மின்ரயிலை இந்த வசந்தத்தில்தான் இரண்டாகக் குறைத்தார்கள். ஆனாலும் ஓகுனுமா நிலையத்தில் ஓட்டுநர் மினெகிஷி தினமும் மூன்று பெட்டி ரயில் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டும் ‘3’ என்று எழுதிய பலகைக்கு நேராகவே நிறுத்தினார். அதற்காக நான்கு மன்னிப்புக் கடிதம் எழுதியாகிவிட்டது. இன்று காலை மேலதிகாரி ஹதகேடாவே ஓட்டுநர் அறையில் ஏறிக்கொண்டார்.

“எத்தனை பெட்டிய்யா இது?”

“ரெண்டு, சார்.”

“அப்புறம் எதுக்கு மூணுல போய் நிக்கிற? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

மினெகிஷி பல்லைக் கடித்தார். வெள்ளைக் கையுறை விரலை நீட்டி, “ரெண்டு பெட்டி, நிறுத்தம் சரி!” என்று விதிப்படி கத்தி, ‘2’ பலகையில் நிறுத்தினார்.

“பாத்தியா? இதுக்கா இத்தனை ரகளை?”

கதவுகள் திறந்தன. பின்னால், ரயிலும் நடைமேடையும் முடிந்துபோன இடத்தில், பலர் உள்ளிருந்து கதவை அறையும் சத்தமும், கூடவே ஒரு குரலும் கேட்டன.

“இங்க எப்பிடிய்யா எறங்குறது? முன்னால எடு!”

ஹதகேடா எட்டிப் பார்த்தார். வெயிலில் வெறும் தண்டவாளம் பளபளத்தது. அறையும் சத்தம் ஓயவில்லை.

“எடு,” என்றார்.

“நீங்களே சொல்லுங்க, சார். சத்தமா.”

ரயில் முன்னே நகர்ந்து நின்றது. ஹதகேடாவின் விரல் நீண்டது.

“மூணு பெட்டி... நிறுத்தம் சரி.”

சத்தம் நின்றது. இறங்கிப் போகும் காலடிகள் மட்டும் சன்னலைக் கடந்தன.

மினெகிஷி பையிலிருந்து வெள்ளைத்தாளை உருவி அவர் கையில் திணித்தார்.

“ரெண்டு நிமிஷம் தாமதம். இந்தத் தடவ நீங்க எழுதுங்க.”