வரி கட்டாத கார்

சாலை வரி கட்டாத பழைய கார் ஒன்று தெருவிலிருந்த ஒரே மர நிழலை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு ஆட்டோ வெயிலில் காய்ந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

"வரி கட்டாம நான் ரோட்டுல ஓடக்கூடாது தம்பி. முதலாளி என்னை மறந்தே போயிட்டாரு."

பொறுத்துப் பார்த்த ஆட்டோ, போலீஸ் இழுவை வண்டியிடம் புகார் சொன்னது. மறுநாளே இழுவை வண்டி வந்து காரைக் கொக்கியில் மாட்டியது. ஆட்டோவுக்கு மனசு உறுத்தியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

"கோபமா?" முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, கார் வாய்விட்டுச் சிரித்தது. "ஊரைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு! இழுவைத் தம்பி, அப்படியே பீச் பக்கமா சுத்திக்கிட்டுப் போப்பா!"