சாம்பிள் கேன்

ஆம்பூர்த் தோல் கம்பெனியின் கழிவுநீரை வடிகட்ட, இரண்டு வருடம் பாடுபட்டுப் பாலிமர் சவ்வு ஒன்றைச் செய்திருந்தாள் பூங்குழலி. வடிகட்டிய தண்ணீர் அரசுப் பரிசோதனையில் தேறாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு.

முடிவு வந்தது. உப்பு அதிகம், ஃபெயில்.

"இன்னா மேடம் சொல்றீங்க? இருக்கவே இருக்காது!" என்று அலறினார், சாம்பிள் கொண்டுபோய்க் கொடுத்த சூப்பர்வைசர் எலியாஸ்.

என் சவ்வின்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று பூங்குழலி நெகிழ்ந்துபோனாள். வடிகட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துத் தானே சோதித்தாள். உப்பு அளவோடுதான் இருந்தது.

"அண்ணா, கேன்ல எந்தத் தண்ணிய புடிச்சீங்க?"

எலியாஸ் தலையைச் சொறிந்தார்.

"கோச்சிக்காதீங்க மேடம். உங்க சவ்வு மேல எனக்கு நம்பிக்கையே வரல. எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணிய ரொப்பிக் குடுத்துட்டேன். எங்க புள்ளைங்க தெனம் குடிக்கிற தண்ணி மேடம் அது!"