பக்கத்து நாற்காலிக்காரர்

"தம்பி, அந்தக் கையைக் கொஞ்சம் சும்மா வெச்சிருக்கீங்களா? என் கண்ணு அங்கேயே போகுது."

தையல்காரம்மா மூன்றாவது முறையாகச் சொல்லியும் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பதாக இல்லை. தாடி வைத்த, மெலிந்த இளைஞர். மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு விரல்களை நீட்டுவதும் மடக்குவதும் மணிக்கட்டைத் திருப்புவதுமாக ஒரே சேட்டை. "மன்னிச்சுக்கங்கம்மா" என்று முணுமுணுத்தாரே தவிர விரல்கள் நிற்கவில்லை.

சின்ன அரங்கம் அது. மேடை என்று தனியாக ஒன்று கிடையாது. கறுப்பு விரிப்பு போட்ட தரை, அதிலிருந்து நாலடி தள்ளி முதல் வரிசை. ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். புதிய நடன அமைப்பாளர்கள் மூன்று பேர் தலா பன்னிரண்டு நிமிடம் தங்கள் புதுப் படைப்பைக் காட்டும் நாள். தேர்வாகிறவருக்கு ஒரு வருடம் இந்த அரங்கம் கிடைக்கும். அவருடைய ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தோடு வேலையும் உண்டு.

மூன்றாவது படைப்பில் தனியாக ஆடிக்கொண்டிருந்தவள் தையல்காரம்மாவின் மகள்.

இரண்டு வருடமாகக் குழுவில் அவள் பதிலாள். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆடலாம். பாழாய்ப்போன ஆரோக்கியம், இரண்டு வருடத்தில் ஒருத்திக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒருவழியாக, இன்று ஆட வேண்டியவளுக்கு நேற்று ராத்திரி கால் பிசகி, இவளுக்கு அழைப்பு வந்தது. "இதுதான் கடைசி. இதுலயும் வேலை கிடைக்கலைன்னா ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஒழுங்கா ஏதாவது ஆபீஸுக்குப் போயிடணும்" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த அப்பா இப்போது தையல்காரம்மாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தார்.

"இது என்ன டான்ஸு? விழறா, எந்திரிக்கிறா, திரும்ப விழறா."

"உங்களுக்கு என்ன தெரியும்? எவ்வளவு அழகா விழறா, பாருங்க!"

"அது சரி, ஏன் நம்ம பக்கமே பாத்துட்டிருக்கா?"

"பெத்தவ உட்கார்ந்திருக்கேன்ல? என் முகத்தைப் பார்த்தா அவளுக்கு ஒரு தைரியம்."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நாலு அடி வைத்தால் ஒரு பார்வை, தரையில் சரிந்தால் ஒரு பார்வை. தையல்காரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒருத்தர் ஈ ஓட்டுவது மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறாதா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சட்டென்று அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து அழுத்திவிட்டாள். முப்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்த கை, லேசில் விடுமா?

"அம்மா, விடுங்கம்மா!"

"ஷ்ஷ்!" பின்வரிசை அதட்டியது.

"முடியட்டும் தம்பி, விடறேன்."

மகள் இவர்கள் பக்கம் பார்த்தாள். நின்றாள். அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஒற்றை வயலின் மட்டும் தன் பாட்டுக்கு இழைந்துகொண்டிருந்தது. இளைஞருக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்ன நிதானம் பாருங்க!" என்றாள் தையல்காரம்மா.

மகள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். வலது பாதம் மட்டும் மேலும் கீழும் மிதிக்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத துணி ஒன்றைக் கைகள் முன்னால் தள்ளின. குனிந்து பல்லால் நூலைக் கடித்தாள். நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெட்டி முறித்தாள். அந்த உடல் முறுக்கே ஒரு சுழற்சியாகி அவளைத் தூக்கி எழுப்பியது. பாதத்தின் மிதி தாளமாகி, தாளம் ஓட்டமாகி, அந்தக் கறுப்புத் தரை முழுவதையும் தைத்து முடிக்கிற வேகத்தில் ஓடினாள். இவர்கள் பக்கம் அதற்கப்புறம் திரும்பவே இல்லை.

"ஏங்க, நான் மெஷின்ல உட்கார்ந்திருக்கிறது மாதிரியே இல்ல?" தையல்காரம்மா கணவர் பக்கம் சாய்ந்தாள்.

"நீயேதான்." கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "விடிய விடிய தைப்பியே, அப்ப இப்படித்தான் இடுப்பைப் பிடிச்சுக்குவே."

"இதை அமைச்ச மாஸ்டர் யாரோ தெரியல, அவரோட அம்மாவும் நம்ம தொழிலாத்தான் இருக்கணும். மகராசன், நல்லா இருக்கட்டும்!"

ஆட்டம் முடிந்தது. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. தானும் தட்ட வேண்டுமே என்றுதான் தையல்காரம்மா பக்கத்து நாற்காலிக்காரரின் கைகளை விட்டாள்.

"நடன அமைப்பாளர் முன்னால வாங்க" என்று தேர்வுக் குழுத் தலைவி அழைத்தார்.

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போனார், அந்தத் தாடிக்கார இளைஞர்.

"ஐயையோ! மாஸ்டரோட கையையா பிடிச்சு வெச்சிருந்தேன்? போச்சு, என்னாலயே அவ வேலை போச்சு!" தையல்காரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

தலைவி சுற்றி வளைக்கவில்லை. "மூணு படைப்புமே நல்லா இருந்தது. ஆனா, இந்தப் பொண்ணு தரையில உட்கார்ந்ததிலேர்ந்து கடைசி வரைக்கும் வந்துச்சே, அந்த மாதிரி ஒண்ணை நான் இத்தனை வருஷத்துல பார்த்ததில்ல. அதுக்காகவே உங்களைத் தேர்ந்தெடுக்கிறோம்."

மறுபடி கைதட்டல். இளைஞர் மைக்கை வாங்கி, அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அப்படின்னா நீங்க தேர்ந்தெடுக்க வேண்டியது என்னை இல்லீங்க. அந்தப் பொண்ணுக்கு நான் இன்னைக்கு மத்தியானம்தான் சொல்லிக் கொடுத்தேன். அடுத்தது என்னன்னு என் விரலைப் பார்த்து ஆடுன்னு சொல்லிட்டு முதல் வரிசையில உட்கார்ந்தேன். பாதியில ஒரு அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க பார்த்தது முழுக்க, அவளே அங்க நின்னு அமைச்சது."