மரத்தடியில் நின்ற கார்

"இன்னைக்கும் கொண்டு வந்து நிறுத்திட்டாங்க, பாருங்க!"

மனைவி ஜன்னல் திரையை விலக்கினாள். வாசலுக்கு வெளியே, மரத்தடியில் எதிர்வீட்டு அக்காவின் பழைய கார். அக்கா வீட்டு வாசலோ காலி.

"மகாராணியோட காருக்கு நிழல் கேக்குது போல," என்றான் கணவன்.

புதிதாக வாங்கிய சின்னப் படகு டிரெய்லரோடு போர்டிகோவில் நின்றது. ஏரிக்குக் கொண்டுபோகும் முன் அதன் பாய்மரத்தை நிமிர்த்திப் பழக வேண்டும். இல்லையென்றால் கரையில் நாலு பேர் சிரிப்பார்கள். வெளியே இழுத்து நிறுத்த மரத்தடியை விட்டால் இடமில்லை. லீவு நாள் வந்தால் போதும், அங்கே கார் முளைத்துவிடும்.

"நீ போய்க் கேளேன்."

"நானா? பாப்பாவை வளர்க்கத் தெரியலைன்னு என்னைச் சொன்னவங்க. அவங்க மூஞ்சியிலயே முழிக்கிறதில்லைன்னு இருக்கேன்."

கணவன் குடியிருப்போர் சங்கத் தலைவரைக் கூட்டி வந்தான்.

"சார், அந்தப் படகு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"சாக்குப்போக்கு வேண்டாம்மா. முதல்ல வண்டியை எடுங்க."

கார் நகர்ந்தது. படகு மரத்தடிக்கு வந்தது.

"விட்டது தொல்லை! ம், இழு!"

மனைவி முன்னால் நின்று கயிற்றை இழுக்க, கணவன் படகில் ஏறி அலுமினியப் பாய்மரத்துக்குத் தோள் கொடுத்தான். அது ஆடி ஆடி நிமிர்ந்து, இலைகளுக்குள் நுழைந்தது.

"ஐயோ, வேண்டாம்!" எதிர்மாடியிலிருந்து அலறல்.

படீரென்று ஒரு சத்தம். நெருப்புப் பொறி. கணவன் தெருவில் கிடந்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனது அந்தப் பழைய கார்தான்.

"உயிருக்குப் பயமில்லை. கை ரெண்டும் எப்படித் தேறும்னு இப்போ சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

மனைவி பெஞ்சில் சரிந்தாள். பாப்பா அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கே கரண்ட் கம்பி போறது உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"எங்க மாடியில இருந்து பார்த்தா தெரியும். கீழே இருந்து பார்த்தா வெறும் இலைதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"படகு வந்த அன்னைக்கே வந்து கதவைத் தட்டினேன்ம்மா. நீ எட்டிப் பார்த்துட்டு உள்ளே போயிட்டே. அதுக்கப்புறம்தான் காரைக் கொண்டு வந்து அங்கே நிறுத்த ஆரம்பிச்சேன்."