ரப்பர் சிலந்தி

திரையில் சிலந்திகள் கடைத்தெருவுக்குள் இறங்கிவிட்டன.

அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றும் அம்மிக்கல் பருமன். பழக்கடைக்காரர் பலாப்பழத்தைத் தூக்கி அடிக்கிறார். போலீஸ்காரர் ஜீப்பைப் போட்டுவிட்டுக் குப்பை வண்டிக்குள் குதிக்கிறார். நேற்று இதற்கெல்லாம் தியேட்டரே சிரிப்பில் குலுங்கியது. இன்று பகல் காட்சியில் கூட்டமில்லை. முன்வரிசையில் காலேஜ் பையன்கள் சிலர். பக்கத்தில் ஒரு குடும்பம், முறுக்குப் பொட்டலத்தோடு.

படத்தில் வருவது அவள் ஊர்க் கடைத்தெரு. போன ஆவணியில் அங்கேதான் படம் எடுத்தார்கள். செத்துக் கிடக்க ஆள் கேட்டபோது அவள் மகன் இசக்கிராஜா முதல் ஆளாகப் போய் நின்றான்.

சாயங்காலம் தலையெல்லாம் சிலந்தி வலைக்குப் போட்ட பஞ்சு நூலோடு வந்தான். சோறு தின்றுகொண்டே சிரித்தான்.

"எம்மா, வயித்து மேல ரப்பர் சிலந்தி ஒண்ண வச்சுட்டாவ. ஒரே கூச்சம். மூச்ச அடக்க முடியல, விட்டுட்டேன். டைரக்டரு பாக்கல. பாத்தா அந்த சீன வெட்டிருவாரு."

வெட்டிவிடக் கூடாதே என்று அவளும் அன்றைக்கு வேண்டிக்கொண்டாள்.

ஐப்பசியில், பைபாஸ் ரோட்டில், ஒரு லாரி.

அவனை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை வயிற்றின் மேல் கிடந்த மாலை அசைந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

"ஃபேன் காத்து, மதினி," என்றாள் நாத்தனார்.

யாரோ ஃபேனை அணைத்தார்கள்.

அதன் பிறகு அசையவில்லை.

நேற்றுதான் படம் வந்தது. நாத்தனாரோடு வந்திருந்தாள்.

வெட்டவில்லை.

தெருவெங்கும் பிணங்கள். இட்லிக் கடை வாசலில், சரிந்து கிடந்த வாழைத்தார்களுக்கு நடுவே, அவன். வயிற்றின் மேல் சிலந்தி.

சிலந்தி மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"ஏலே, பொணம் மூச்சு விடுதுலே!"

பின்னாலிருந்து எவனோ கத்த, விசில் சத்தம் கூரையைத் தூக்கியது. நாத்தனார் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். தாங்கமாட்டாள் என்று நினைத்திருப்பாள்.

அதனால்தான் இன்று யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறாள்.

இட்லிக் கடை வந்தது.

வாழைத்தார்கள்.

அவன்.

சிலந்தி ஏறியது.

முன்வரிசைப் பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முறுக்கு நொறுங்கியது.

இறங்கியது.

ஒருவரும் கவனிக்கவில்லை. வெறும் பிணம் ஒன்று கிடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதோ, காட்சி மாறிவிடும்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏலே, பொணம் மூச்சு விடுதுலே!"

பையன்கள் நிமிர்ந்தார்கள். முறுக்குச் சத்தம் நின்றது. முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு எல்லோரும்.

எல்லோரும் பார்க்க, சிலந்தி இன்னொரு முறை ஏறியது.