முக்கால் தண்ணி மிஸ்

"சார், அந்த மிஸ் ஆசிட்டுல இஷ்டத்துக்குத் தண்ணி கலக்குறாங்க. நாளைக்கு செய்முறைப் பரீட்சை. கெட்ட பேரு நமக்குத்தான்."

புதிதாக வந்த வேதியியல் மிஸ் மூச்சு வாங்கச் சொன்னதும் ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். மூத்த மிஸ்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பேரே 'முக்கால் தண்ணி மிஸ்'தான். அது ஹெட்மாஸ்டருக்கும் தெரியும்.

லேபில் மூத்த மிஸ் ஜாடியில் தண்ணீரை முதலில் அளந்து வைத்து, கெட்டி ஆசிட்டைக் கண்ணாடிக் குச்சி வழியாக மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல சொன்ன அளவா இது?"

"இல்ல சார். அதுல பாதி வீரியம்தான்."

கூடவே வந்திருந்த புது மிஸ் முன்னால் வந்தார்.

"மிச்சம் பிடிச்ச ஆசிட்டை என்ன பண்றீங்க? வீட்டுக்குக் கொண்டுபோய் பாத்ரூம் கழுவுறீங்களா?" என்றார் புது மிஸ்.

"அலமாரியைத் திறந்து பாருங்க. அப்படியே இருக்கு. பாதி வீரியம்னு பாட்டில் மேலயும் எழுதி ஒட்டியிருக்கேன். பிள்ளைங்க அதை வச்சுத்தான் கணக்குப் போடும்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"நாளைக்கு நீங்களே மார்க் போடுங்க மிஸ். இந்தத் தண்ணியால ஒரு பிள்ளை தோத்தாலும் லேப் சாவியை சார் கையில குடுத்துடறேன்."

மறுநாள் புது மிஸ் கழுகு மாதிரி மேசை மேசையாகச் சுற்றினார்.

கடைசி மேசையில் ஒரு பெண். பிறவியிலேயே கை நடுக்கம். போன தடவை செய்முறையில் தோற்றவள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

கீழே குடுவையில் நிறம் மாறிய நொடியில், மேலே ஆசிட் குழாயை மூட வேண்டும்.

நிறம் மாறியது. விரல் ஆடியது. மூடுவதற்குள் ரெண்டு மூணு சொட்டு கூடுதலாக விழுந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

'போச்சு' என்று நினைத்த புது மிஸ், அவள் கணக்கை வாங்கிப் பார்த்தார். தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். விடை, முழு மார்க் போடுகிற எல்லைக்குள்ளேயே நின்றது.

"எப்படி மிஸ்?" மூத்தவரின் காதோரம் போய்க் கேட்டார்.

"கல்லு உப்பு ஒண்ணு கூடிப்போனா வாயில வைக்க முடியாது. உப்புத் தண்ணி ஒரு சொட்டு கூடினா நாக்குக்குத் தெரியவா போகுது? அவ்வளவுதான் விஷயம்."

"அதுக்கு அவளுக்கு மட்டும் தனியா ஒரு பாட்டில் வச்சிருக்கலாமே? எதுக்கு இப்படிப் பேரைக் கெடுத்துக்கிட்டீங்க?"

"தனி பாட்டில் வச்சா எல்லாரும் அவ கையைத்தான் பாப்பாங்க. இப்ப என்னையத்தானே பாக்குறாங்க. பாத்துட்டுப் போகட்டும்."

வாசலில் ஹெட்மாஸ்டர் தலையை நீட்டினார். "என்ன மிஸ், புகாரை எழுத்துல தர்றீங்களா?"

"நேரமில்ல சார். அடுத்த பேட்ச் வந்துடும்" என்ற புது மிஸ், ஜாடியை எடுத்துத் தண்ணீர் கேனுக்குக் கீழே பிடித்தபடி மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு தண்ணி போதுமாக்கா?"